கரிசல் ரோட்டில் ஒரு ஸ்பிரிங்

சித்திரையில் ஓட்டிய ரோடு கார்த்திகையில் இருக்காது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிக்கோ, பரளச்சி, கமுதிப் பக்கமோ அடிக்கடி கார் ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். கோடையில் கரிசல் மண் ஈரத்தை இழந்து சுருங்கும். வயலில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விழும். அந்த வெடிப்பு வரப்போடு நிற்காது, தார் ரோட்டின் ஓரத்தையும் பிளந்துகொண்டு உள்ளே போகும். ஐப்பசியில் மழை பிடித்ததும் அதே மண் தண்ணீரைக் குடித்து உப்பும். ஆண்டு முழுவதும் பெய்வது 800 மில்லிமீட்டரை ஒட்டிய மழைதான். அதில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ரோட்டின் இரண்டு ஓரமும் ஊறி, தாருக்கு அடியில் நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும். ஓரம் உப்பும், நடு உப்பாது. மறுபடி வெயில் வரும்போது ஓரம் முதலில் இறங்கும். இப்படி நாலு வருஷம் ஏறி இறங்கினால் ரோடு அலை அலையாக நெளிந்துவிடும்.

இதை முதலில் உணர்வது நம் முதுகு என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். முதுகுக்கு வருவது மிச்சம் மீதி. முதல் அடியை டயர் வாங்குகிறது. இரண்டாவது அடியை, சக்கரத்துக்கு மேலே, மட்கார்டுக்கு உள்ளே, ஆயுளில் ஒரு தடவைகூட நாம் எட்டிப் பார்த்திராத ஒரு சுருள் கம்பி வாங்குகிறது. பட்டறையில் அதற்குக் காயில் ஸ்பிரிங் என்று பெயர்.

அது இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போர் முடிகிற சமயம், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1,000 டாலருக்குள் ஒரு சின்ன காரைக் கொண்டுவர நினைத்தது. செவர்லே கேடட் என்று பெயர். அந்த வேலையின் பொறுப்பில் இருந்த பொறியாளர் ஏர்ல் மேக்பெர்சன். அதுவரை கார்களின் முன்பக்கத்தில் மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் ஸ்பிரிங், தனியாக ஒரு ஷாக் அப்சார்பர் என்று ஏகப்பட்ட சாமான்கள் இருந்தன. மேக்பெர்சன் மேல் கையையே தூக்கிவிட்டார். ஷாக் அப்சார்பரைத் தடித்த தூணாக்கி, அதன் மேலேயே ஸ்பிரிங்கைச் சுற்றி உட்காரவைத்து, தூணின் தலையைக் காரின் உடம்பிலும் காலைச் சக்கரத்திலும் மாட்டினார். கேடட் வெளியே வரவில்லை. 1947-இல் கம்பெனி அதைக் கைவிட, மேக்பெர்சன் போர்டு கம்பெனிக்குப் போய்விட்டார். அவருடைய தூண் பிரான்சில் போர்டு வெடெட் காரிலும், பிறகு 1950-இல் இங்கிலாந்தில் போர்டு கான்சல் காரிலும் ரோட்டைப் பார்த்தது. இன்று உலகத்தில் ஓடுகிற சின்ன கார்களில் பெரும்பாலானவை அந்தத் தூணின் மேல்தான் நிற்கின்றன. நம் மெக்கானிக்குகள் வாயில் அது ஸ்ட்ரட்.

நம் ஊரில் அதற்கு இடம் கிடைக்க நாளாயிற்று. எம்.ஜி.ஆர். 1977-இல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரான காலம் அம்பாசடர் காலம். அம்பாசடரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. முறுக்கப்படுகிற ஒரு நீளமான இரும்புத் தண்டு, டார்ஷன் பார், அந்த வேலையைப் பார்த்தது. பின்பக்கம் லாரிக்கு இருப்பதைப் போன்ற பட்டை. ஆக அம்பாசடர் மெக்கானிக்குக்கு ஸ்பிரிங்கை அமுக்குகிற கருவி தேவைப்படவில்லை. பியட்டின் முன்பக்கத்தில் சுருள் உண்டு, ஆனால் அது இரண்டு கைகளுக்கு நடுவில் உட்கார்ந்தது, அதைக் கழற்றுகிற வித்தை வேறு. 1983 டிசம்பர் 14 அன்று குர்கான் ஆலையிலிருந்து முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தாரே, அந்த வண்டியோடுதான் மேக்பெர்சன் தூண் நம் தெருக்களுக்குப் பெருவாரியாக வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்பதற்குள் அந்தக் கார் இந்தியாவில் 25 லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது. நூல் வியாபாரி, டாக்டர், பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று அம்பாசடர் வாங்க முடியாத எத்தனையோ வீடுகளின் வாசலில் அது நின்றது. அதனோடு, யாருக்கும் அறிமுகமில்லாத அந்த இரண்டு முன் ஸ்பிரிங்கும் வந்து நின்றன.

ஸ்பிரிங் கம்பி சாதாரணக் கம்பி இல்லை. கட்டடத்துக்குப் போடுகிற முறுக்குக் கம்பியை வளைத்தால் வளைந்தது வளைந்ததுதான். ஸ்பிரிங் இரும்பில் நூற்றுக்கு அரைப் பங்கை ஒட்டிக் கரி இருக்கும். கூடவே சிலிக்கன், மாங்கனீஸ், சிலவற்றில் குரோமியம். கம்பியைச் சிவக்கக் காய்ச்சிச் சுற்றி, எண்ணெயில் முக்கி இறுக்கி, மறுபடி மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்துவார்கள். பதப்படுத்தின கம்பியையே குளிர்ந்த நிலையில் சுற்றுகிற முறையும் உண்டு. அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த கட்டம். சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை மழையாகக் கம்பியின் மேல் அடிப்பார்கள். அடி வாங்கிய மேல்தோல் உள்பக்கமாக நெருக்கப்பட்டுவிடும். விரிசல் என்பது தோல் இழுபடுகிற இடத்தில்தான் வாய் திறக்கும். நெருக்கப்பட்ட தோலில் சுலபத்தில் திறக்காது. கடைசியாக ஒரு தடவை முழுதாக அமுக்கி விட்டு, அதன் உயரத்தை நிலைப்படுத்தி, துரு பிடிக்காமல் பூச்சு கொடுத்து, எந்த எடைக்கு உரியது என்று தெரிய வண்ணப் பொட்டு வைத்து அனுப்புவார்கள்.

காரில் மாட்டின ஸ்பிரிங் மேலும் கீழும் அமுங்குவதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. கம்பிக்குள் நடப்பது முறுக்கல். அம்பாசடரின் நேர்த் தண்டு என்ன செய்ததோ அதையேதான் இதுவும் செய்கிறது, சுருண்டுகொண்டு செய்கிறது, அவ்வளவுதான். கம்பியின் தடிமனுக்கு இதில் அநியாய மரியாதை உண்டு. விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 10 மில்லிமீட்டர் கம்பியை 11 ஆக்கினால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஸ்பிரிங் 46 சதவீதம் விறைத்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் சொகுசு வண்டி மாட்டு வண்டியாகிவிடும். நல்ல ரோடுள்ள ஊருக்கு ஒன்று, கரிசல் காட்டுக்கு ஒன்று என்று எந்தக் கம்பெனியும் தனித்தனியாகச் சுற்றி அனுப்புவதில்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கரிசல் பூமியின் களிமண் மாண்ட்மோரில்லோனைட் என்ற வகையைச் சேர்ந்தது. நுண்ணிய தாள்கள் அடுக்கடுக்காக இருக்கும். அடுக்குகளுக்கு நடுவில் தண்ணீர் நுழைந்து அவற்றைத் தள்ளிவைக்கும். அதுதான் உப்பல். மண்ணின் தாங்குதிறனைச் சாலைப் பொறியாளர்கள் சி.பி.ஆர். என்ற கணக்கில் சொல்வார்கள். ஊறிய கரிசலுக்கு அது 2, 3 என்று பரிதாபமாக நிற்கும். இதே குணம்தான் பருத்திக்கும் மல்லிக்கும் மக்காச்சோளத்துக்கும் வாழ்வு கொடுக்கிறது. மழை நின்ற பிறகும் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது இந்தத் தாள்கள்தான். சம்சாரிக்கு வரம், ரோடு போடுகிறவருக்குச் சாபம்.

கரிசலுக்கு மருந்து இல்லாமல் இல்லை. சுண்ணாம்பை நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு கலந்து கிளறி இறுக்கினால் அது உப்புவது வெகுவாகக் குறையும். இல்லையென்றால் கரிசலுக்கு மேலே நல்ல சரளையைக் கனமாகப் போட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. சுண்ணாம்புக்கல் அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடியிலேயே வெட்டி எடுக்கப்படுகிறது. மண்ணுக்கு மருந்தான கல் மண்ணுக்கு அடியிலேயே இருக்கிறது. அது சிமெண்ட் ஆவதற்குப் போகிறது, லாரியில் போகிறது. நான்கு வழிச்சாலை ஓரளவு தாங்கிக்கொள்ளும். கிளைச் சாலைகளில் கல்லும் சரளையும் ஏற்றின கனரக வண்டி எது போனாலும், ஊறிக் கிடக்கிற அடிமண் அதற்குப் பதில் சொல்லும். பின்னால் வருகிற சின்ன கார் அந்தப் பதிலைக் கேட்டுக்கொள்ளும்.

தரைப்பாலங்களையும் விட்டுவிடக் கூடாது. ஓடைக்கு மேலே கான்கிரீட் அப்படியே நிற்கும், இரண்டு பக்கமும் நிரப்பின மண் இறங்கிவிடும். நல்ல வேகத்தில் வரும்போது பாலத்தின் விளிம்பு ஒரு படிக்கட்டாக வந்து சக்கரத்தில் மோதும். ஊருக்கு ஊர் ஜனங்களே போட்டுக்கொண்ட, வண்ணம் அடிக்காத வேகத்தடைகள் வேறு. ஒற்றை ரோட்டில் எதிரே பஸ் வந்தால் நாம்தான் இறங்க வேண்டும், இடது சக்கரம்தான் தார் விளிம்பிலிருந்து கீழே விழும். தார் விளிம்புக்கும் ஓரத்து மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் பள்ளம் இருக்கிற இடங்கள் உண்டு. வாரத்துக்கு எத்தனை பஸ்ஸுக்கு வழிவிடுகிறோமோ அத்தனை தடவை இடது ஸ்பிரிங்குக்குக் கூடுதல் குத்து. இடது பக்கம்தான் முதலில் போகும் என்று பட்டறையில் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

ஸ்பிரிங் சாவது பெரும்பாலும் குத்தினால் மட்டும் அல்ல. தூக்கி எறியப்படுகிற சரளைக்கல் கீழ்ச் சுற்றில் பட்டு, பூச்சில் ஒரு பொட்டளவு பெயரும். கீழ்ச் சுற்று உட்காருகிற கிண்ணத்தில் கரிசல் சேறு தங்கும். சேறு காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அந்தப் பொட்டில் துரு குழி பறிக்கும். குண்டடி பட்டு நெருங்கியிருந்த தோல் அந்த ஒரு இடத்தில் போய்விட, அங்கே விரிசல் வாய் திறக்கும். அதற்குப் பிறகு அது நாள் கணக்கு. ஒரு நாள், ஒரு சாதாரண மேட்டில், கீழ்ச் சுற்று கத்தரித்துக்கொள்ளும். பல சமயம் ஓட்டுகிறவருக்கே தெரியாது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் டொக்கென்று ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கம் இரண்டு விரல் தாழ்ந்து நிற்பது, இவ்வளவுதான் அடையாளம். உடைந்த நுனி சில கார்களில் டயரையே அறுத்துவிடும்.

தூசியும் தன் பங்குக்கு வேலை செய்யும். காய்ந்த கரிசல் தூசி மாவுக்கும் மெல்லியது. ஷாக் அப்சார்பரின் தண்டை மூடியிருக்கும் ரப்பர் டஸ்ட் கவர் கிழிந்தால், தூசி தண்டில் ஒட்டி, மேலும் கீழும் போகும்போது எண்ணெய் சீல் ரப்பரை உரசித் தின்னும். எண்ணெய் கசியும். பிறகு ஸ்பிரிங் ஒரு பள்ளத்துக்கு ஒரு தடவை ஆடி அடங்குவதை விட்டு மூன்று தடவை ஆடும். அத்தனை ஆட்டமும் அதன் ஆயுள் கணக்கில் கழியும்.

இந்தச் சமயத்தில் சிலர் ஒரு குறுக்கு வழி பார்ப்பார்கள். தொய்ந்துபோன ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபரைச் செருகினால் வண்டி தூக்கி நிற்கும். எனக்கு அது பிடிக்காது. ரப்பர் அடைத்த சுற்று வேலையை நிறுத்திவிட, மற்றச் சுற்றுகள் அதன் பங்கு அசைவையும் சேர்த்து முறுக்கிக்கொள்ளும். ஏற்கெனவே விரிசல் ஓடிய ஸ்பிரிங்குக்கு அது கடைசி மருந்து. இதைவிட மோசம், வண்டி தாழ்ந்து ஸ்டைலாக நிற்கட்டும் என்று கேஸ் வைத்துச் சுற்றை அறுப்பது. ஆலையில் பார்த்துப் பார்த்துக் கொடுத்த பதம் அந்தத் தீயில் ஒரே நிமிஷத்தில் போய்விடும்.

பாளையம்பட்டியில் ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் வீட்டு வாசலில், வேப்பமரத்து நிழலில், ஸ்பிரிங் மாற்றுவதை முதலிலிருந்து கடைசிவரை நின்று பார்த்தேன். வண்டி மாருதி 800. இடது முன் ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்று உடைந்திருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து வந்த மெக்கானிக்குக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சாமான்களை ஒரு பையிலும், ஸ்பிரிங் கம்ப்ரஸரை மட்டும் தனியாக ஒரு சிமெண்ட் சாக்கிலும் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"ஒரு பக்கந்தானே தம்பி உடைஞ்சிருக்கு, ஒண்ணு மட்டும் மாத்தினா ஆகாதா?"

"வேணாம் சார். புதுசு ஒரு பக்கம் பழசு ஒரு பக்கம் போட்டா வண்டி சாய்ஞ்சுதான் நிக்கும். ரெண்டையும் மாத்திருவோம்."

முதல் பிரச்சினையைக் கிளப்பியது ஸ்பிரிங் இல்லை, வாசல். கரிசல் மண்ணில் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். வாத்தியார் வீட்டில் கிடந்த கடப்பைக் கல் துண்டை எடுத்து வந்தார். அது வேண்டாம், பாரத்தில் படீரென்று விட்டுவிடும் என்று சொல்லி, தடித்த பலகை கேட்டு வாங்கிப் போட்டார் மெக்கானிக். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் முட்டுக் கொடுத்து, சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, தூக்கி, ஸ்டாண்டு வைத்து, கழற்றின சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டார். ஸ்டாண்டு நழுவினாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் உட்காரும். கீழே கை இருந்தால் அந்த ஒரு சக்கரம்தான் கையைக் காப்பாற்றும்.

பிரேக் ஓஸைக் கிளிப்பிலிருந்து விடுவித்தார். தூணின் காலில் சக்கர நக்கிளோடு சேர்க்கிற இரண்டு போல்ட்டுகள். கழற்றுவதற்கு முன்னால் அவை இருந்த நிலையைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். பிறகு பானட்டைத் தூக்கி, மேல் மவுண்டின் ஓரத்து நட்டுகள். அங்கே ஓரத்து நட்டுகளுக்கு மத்தியில் ஒரு பெரிய நட்டு கைக்கு வாகாக, கழற்று என்று அழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இந்த வேலையில் ஆளைக் கொல்லக்கூடியது அது ஒன்றுதான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துவைத்திருப்பது அந்த நடு நட்டு. அதைக் கழற்றினால் மவுண்ட், கிண்ணம், ஸ்பிரிங் எல்லாம் ஒரே சமயத்தில் மேலே பறக்கும்.

எவ்வளவு வேகம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ பாரம் கேட்கிற ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். 150 மில்லிமீட்டர் அமுக்கினால் அது 300 கிலோ பாரத்தோடு எதிர்த்து நிற்கும். அதற்குள் அடங்கியிருக்கிற ஆற்றல் 220 ஜூல், அதாவது 22 கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுகிற அடி. மூட்டை விழ ஏறக்குறைய அரை நொடி ஆகும். ஸ்பிரிங் கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். கம்ப்ரஸர் வாங்க வசதி இல்லாத காலத்தில் வண்டியின் பாரத்தாலேயே ஸ்பிரிங்கை அமுக்கி, சுற்றுகளைக் கம்பியாலும் சங்கிலியாலும் கட்டிக் கழற்றியவர்கள் உண்டு. ஆள் தப்பினால் சாமர்த்தியம், கம்பி அறுந்தால் ஆஸ்பத்திரி.

கம்ப்ரஸர் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத கருவி. முழு நீளத்துக்கும் மரை ஓடிய இரண்டு தடித்த போல்ட்டு, ஒவ்வொன்றிலும் மேலே ஒரு ஜோடிக் கொக்கி, கீழே ஒரு ஜோடிக் கொக்கி. இந்தியாவில் கைக்கருவிகளுக்குப் பேர் போன ஊர்கள் பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும். பட்டறைகள் இதைத் தினமும் எடுப்பதில்லை, ஒருவரிடம் இருந்தால் நாலு பேர் இரவல் வாங்கிக்கொள்வார்கள். இரவல் கருவியில்தான் ஆபத்தும் இருக்கிறது. மரை தேய்ந்ததா, கொக்கி வாய் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் மாட்டிவிடுவார்கள். இந்தத் தம்பி மரையைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டிப் பார்த்து, கிரீஸ் தடவிய பிறகுதான் தொட்டார்.

கழற்றின தூணைச் சுவரைப் பார்க்கப் படுக்கவைத்து, அதன் இரண்டு நுனிக்கும் நேராக யாரும் நிற்கக் கூடாது என்று வாத்தியாரை நகர்த்தினார். கொக்கிகளை நேர் எதிரெதிராக, எத்தனை சுற்றுக்கு எட்டுமோ அத்தனை சுற்றைச் சேர்த்து மாட்டினார். உடைந்த ஸ்பிரிங்கில் பிடிக்கச் சுற்றுக் குறைவு, அதனால் உடையாததைவிட இதில்தான் கவனம் அதிகம். பிறகு ஸ்பேனர். இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று. தறியில் பாவு ஏற்றுகிறவர் இரண்டு ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்து இழுப்பாரே, அந்த நிதானம். ஒரு பக்கம் அவசரப்பட்டு இறுக்கினால் ஸ்பிரிங் வாழைக்காயாக வளைந்து கொக்கியிலிருந்து நழுவும். காற்றில் ஓடுகிற கன் வைத்து முடுக்கினால் வேலை சீக்கிரம் முடியும், மரையும் சீக்கிரம் முடியும். கையால்தான் முடுக்கினார். வேப்பங்காய் விழுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லாமல், முறுக்க முறுக்க ஸ்பேனர் கனத்துக்கொண்டே போனது தெரிந்தது. கடைசியில் மேல் கிண்ணத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிந்தது. மவுண்டைக் கையால் அசைத்துப் பார்த்தார், லொடலொடவென்று ஆடியது. அதற்கப்புறம்தான் தண்டின் நுனியில் எல் கீயைச் செருகித் தண்டு சுற்றாமல் பிடித்துக்கொண்டு, அந்த நடு நட்டைக் கழற்றினார்.

பிரித்துப் பரப்பினால் எல்லாம் சின்ன சாமான். மேல் மவுண்ட், ரப்பர் தெறித்திருந்தது. அதன் பேரிங்கைச் சுழற்றினால் உள்ளே மண் நறநறத்தது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வாத்தியார் கேட்டுக்கொண்டிருந்த கிர்ர் சத்தத்துக்கு அதுதான் காரணம். பேரிங் சிக்கிக்கொண்டால் ஸ்பிரிங்கே முறுக்கி விடுபடும். பம்ப் ஸ்டாப்பர் பொடிப் பொடியாக உதிர்ந்தது. ஷாக் அப்சார்பர் தண்டைக் கையால் அமுக்கினால் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய் அப்படியே கிடந்தது. இரண்டு பக்கமும் எல்லாமே புதிது போடுவதென்று முடிவாயிற்று. ஒரு தடவை பிரித்ததைப் பத்து மாதத்தில் இன்னொரு தடவை பிரிப்பது கூலிக்குக் கேடு.

புது ஸ்பிரிங்கில் கொக்கி பட்டுப் பூச்சு போகுமே என்று வாத்தியார் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை நீட்டினார்.

"அது வழுக்கிரும் சார். பூச்சு போனா நான் பெயிண்டு தொட்டு வச்சுத் தாரேன்."

சொன்னபடி செய்தார். கம்பியின் நுனி கீழ்க் கிண்ணத்தில் இருக்கிற படியில் போய் முட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். அந்தப் படியில் உட்காராத ஸ்பிரிங் ஒரு நாள் புரண்டு உட்காரும், அன்றைக்கு அலைன்மெண்ட் மாறும். நடு நட்டை இறுக்கி, கம்ப்ரஸரை மறுபடி இரண்டு இரண்டு சுற்றாகத் தளர்த்தி, தூணைப் பழைய சாக்பீஸ் கோட்டுக்கு நேராக ஏற்றினார். கீழ்க் கையின், அதாவது லோயர் ஆர்மின், புஷ்ஷையும் மாற்றியிருந்தார். அதன் போல்ட்டை மட்டும் கடைசிவரை இறுக்கவில்லை. சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விட்டுவிட்டு, குனிந்து படுத்து அப்புறம்தான் இறுக்கினார். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி இறங்கும்போது புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். பெரிய பட்டறைகளில்கூட இதை மறந்துவிடுகிறார்கள். எத்தனை கார்களில் புது புஷ் அநியாயமாகக் கிழிந்து, பழி ரோட்டின் மேல் விழுகிறதோ! இறங்கின வண்டியை நேரே அலைன்மெண்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

பழைய ஸ்பிரிங் இரண்டும், உடைந்த ஒன்றரைச் சுற்றுத் துண்டும் வேப்பமரத்தடியில் கிடந்தன. எல்லாம் சேர்ந்து நாலு கிலோ தேறும். பழைய இரும்புக் கடையில் கார் ஸ்பிரிங்குக்கும் பழைய கேட்டுக்கும் ஒரே விலைதான். மொத்தமாகச் சேருகிற இரும்பு உருக்காலைக்குப் போய் உருகிக் கட்டடக் கம்பியாகும். வளைத்தால் வளைந்ததாகவே கிடக்கிற கம்பி, ஸ்பிரிங்குக்கு அது ஒரு மாதிரியான மறுபிறவி. ஆனால் எல்லாமே உருக்காலைக்குப் போவதில்லை. பதம் ஏறுகிற இரும்பு எது என்று கொல்லருக்குத் தெரியும். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் திருப்பாச்சேத்தி அருவாளுக்குப் பேர் போன ஊர். அருவாள் அடிக்கிறவர்கள் தேடுவது லாரியின் ஸ்பிரிங் பட்டை. கரியும் சிலிக்கனும் மாங்கனீசும் சரியான அளவில் கலந்த இரும்பை யாரோ ஆலையில் தயார் பண்ணி, பத்து வருஷம் ரோட்டில் சோதித்தும் கொடுத்துவிடுகிறார்கள். உலைக்கு வேண்டிய கரிக்கும் பஞ்சமில்லை. திருச்சுழி, நரிக்குடி, கமுதிப் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியெடுப்பது மழை பொய்த்த வருஷங்களில் எத்தனையோ வீடுகளுக்குச் சோறு. முள்ளை வெட்ட அருவாள், அருவாள் அடிக்க முள்ளின் கரி.

வாத்தியார் தன் ஸ்பிரிங்கை இரும்புக் கடைக்குப் போட மனமில்லாமல் ஊரில் களைக்கொத்தும் மண்வெட்டியும் அடிக்கிற கொல்லரிடம் கொண்டுபோய்க் காட்டினார். நானும் கூடப் போனேன். அவர் ஒரு சுற்றைக் கையில் வாங்கி, தடிமனைக் கட்டைவிரலால் அளந்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"உளிக்கு ஆகும், அதுவும் இதை நிமித்தறதுக்குள்ள அரை மூட்டை கரி போயிரும். அருவாளுக்கு இந்தத் தடிமன் காணாது சார். லாரி பட்டை ஏதாச்சும் கெடைச்சா கொண்டாங்க."